தொழிற்பயிற்சியின் பயனை அளந்தறியும் விதம்

கிராமங்களில் கைத்தொழிற் பயிற்சி வகுப்பு ஒன்று முடிவடையும் நாளன்று சிறு வைபவம் நடைபெறுவது வழக்கம். அதிகாரிகளும் ஊர்ப் பெரியோர்களும் வருகின்றனர். பயின்றவர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு நற்சாட்சிப் பத்திரம் பெறுகின்றனர். "30 பேர் பயிற்சி பெற்றனர்" என்று அன்று மாலையே அறிக்கை எழுதப்பட்டு மேலிடத்திற்கு அனுப்பப்படுகிறது. அந்த ஒரே எண்ணைக் கொண்டு வகுப்பு நன்கு நடந்ததென்று தீர்மானித்து விடுவதும் உண்டு. ஆனால் அவ்வெண் கூறுவது, 30 பேர் வந்து அமர்ந்திருந்தனர் என்பதை மட்டுமே. அவர்கள் தொழிலைக் கற்றார்களா, கற்றதைக் கொண்டு ஜீவனம் செய்கிறார்களா, அவ்வகுப்பு நடைபெறாமலே இருந்திருந்தால் அவர்களுடைய நிலை வேறு விதமாக இருந்திருக்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இல்லை.

இவ்வினாக்கள் வீண் விசாரணை அல்ல. பயிற்சி இலவசமாக அளிக்கப்பட்டாலும் ஏழைக் குடும்பம் அதற்கு விலை கொடுக்கவே செய்கிறது. கூலிக்குச் செல்லும் பெண்ணொருத்தி மூன்று மாதம் தையல் வகுப்புக்கு வருவதால் 75 நாள் வேலையை இழக்கிறாள் என்றும், நாட்கூலி ரூ.300 என்றும் வைத்துக்கொள்வோம். அவள் இழப்பது ரூ.22,500. வகுப்பு முடிந்தபின் தையல் இயந்திரம் வாங்குவதற்காகக் கூட்டுறவு சங்கத்தில் கடனும் பெறுகிறாள். கற்ற தொழில் கைகொடுக்காவிடில் இழந்த கூலி திரும்பி வராது. கடனோ வட்டியுடன் நிற்கும். அவளுக்கு ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டாருக்கும் சங்கடம் உண்டாகும். சங்கத்தின் தவணை தவறிய கணக்கிலும் ஒரு வரி கூடும். ஆகையால் பயிற்சியின் தரத்தை அளந்தறிவது, சர்க்கார் பணத்தைக் காப்பதற்கு மட்டுமன்றி, கற்க வருபவரைக் காப்பதற்கும் அவசியமாகிறது.

நான்கு படிகள்

பயிற்சியை மதிப்பிடும் முறைகளில் பெரிதும் எடுத்தாளப்படுவது, அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கிய நான்கு படிகளாகும். பயின்றவருக்குப் பயிற்சி திருப்தி அளித்ததா என்பது முதற்படி. அவர் உண்மையில் கற்றுக்கொண்டாரா என்பது இரண்டாவது. கற்றதைத் தம் வேலையில் கையாளுகிறாரா என்பது மூன்றாவது. அதனால் விளைந்த பலன் என்ன என்பது நான்காவது.

முதற்படியை அளப்பது மிகவும் எளிது. கடைசி நாளில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கிவிடலாம். ஆசிரியர் அன்பாகப் பேசினார், சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் எழுதுவர். அது பொய்யல்ல, எனினும் தொழிற்றிறனுக்கு அது சான்றாகாது. படி உயர உயர அளப்பது கடினமாகிறது, செலவும் கூடுகிறது. ஆனால் கிராமவாசிக்கு வேண்டியது மூன்றாவதும் நான்காவதுமே. அளப்பதற்கு எளிதானதை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை விட்டுவிடுவதே இத்துறையில் நேரும் முதற் பிழை.

கைத்திறனைப் பரீட்சித்தல்

இந்திய சர்க்கார் 1950ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். தொழிற்பயிற்சி நிலையங்கள் என இன்று ஜில்லாதோறும் காணப்படுபவை அத்திட்டத்தைச் சார்ந்தவையே. 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் நிறுவப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரேவிதமான பாடத்திட்டமும் பரீட்சையும் சான்றிதழும் ஏற்பட்டன. தரத்தை மேற்பார்க்கும் பொறுப்பு, 2018இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சிலுக்குப் பின்னர் மாற்றப்பட்டது. ஓரூரில் பெற்ற சான்றிதழ் மற்றோரூரிலும் அதே பொருளைத் தரவேண்டும் என்பதே இவ்வேற்பாடுகளின் நோக்கம்.

கிராமத்தில் நடைபெறும் குறுகிய கால வகுப்புகளுக்கும் இந்நோக்கம் பொருந்தும். இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தால் பரீட்சை பயனுடையதாகும். முதலாவது, கற்பித்தவரே பரீட்சகராக இருத்தலாகாது. தம் உழைப்புக்குத் தாமே மதிப்பெண் இடுவது மனித சுபாவத்துக்குப் பெருஞ்சோதனை. இரண்டாவது, பரீட்சை தொழிலைப் போன்றே இருத்தல் வேண்டும். தையல் பயின்றவரிடம் துணி வகைகளைப் பற்றி எழுதச் சொல்வதைவிட, முன்பின் அறியாத ஒருவருக்கு அளவெடுத்து ரவிக்கை ஒன்றை வெட்டித் தைக்கச் சொல்வதே நேரான சோதனை. உடல் பொருந்துகிறதா, கை ஏற்றிய இடத்தில் சுருக்கம் விழுகிறதா, காஜா ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா, துணி எவ்வளவு வீணாயிற்று, எத்தனை மணி நேரம் பிடித்தது என்னும் ஐந்தையும் குறித்துக்கொண்டால், அவர் தையற்காரரா அன்றி வகுப்புக்கு வந்து போனவரா என்பது விளங்கிவிடும். நேரத்தைக் குறிப்பது முக்கியம். நான்கு ரவிக்கை தைக்கவேண்டிய ஒரு நாளில் ஒன்றை மட்டும் அழகாகத் தைப்பவர், திறமை இருந்தும் பிழைப்பு நடத்த இயலாது.

ஓராண்டுக்குப் பின்

கைத்திறன் உள்ளவர் யாவரும் தொழிலில் நிலைப்பர் என்பதில்லை. கர்நாடகத்தில் தட்சிண கன்னட ஜில்லாவைச் சேர்ந்த உஜிரே என்னும் ஊரில், தர்மஸ்தல மஞ்சுநாதேசுவரர் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் பாங்கும் கனரா பாங்கும் சேர்ந்து 1982இல் சுயதொழிற் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, 2009ஆம் ஆண்டு முதல் பாங்குகளின் பொறுப்பில் ஜில்லாதோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை அமைக்க மத்திய கிராம அபிவிருத்தி இலாகா ஏற்பாடு செய்தது. இவற்றில் பயிற்சிக் காலம் சில வாரங்களே. ஆனால் பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் வரை பயின்றவரைத் தொடர்ந்து விசாரித்து, கடன் பெறவும் தொழில் தொடங்கவும் உதவ வேண்டும் என்பது அவற்றின் முறை. வகுப்பைவிடப் பின்தொடர்தல் நீண்டிருப்பதே இதன் சிறப்பு.

கூலி வேலைக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சிக்கும் இத்தகைய விதி உண்டு. 2014இல் தொடங்கப்பட்ட தீன்தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனாவில், பயின்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்காவது வேலை கிடைக்கச் செய்தல் வேண்டும் என்றும், மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால்தான் அது வேலையாகக் கணக்கிடப்படும் என்றும் விதிக்கப்பட்டது. வேலை நியமன உத்தரவை மட்டும் எண்ணுவதைவிட இது மேலானது. எனினும் மூன்று மாதம் வேறு, பன்னிரண்டு மாதம் வேறு. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலைக்குச் சென்ற பெண் நான்காம் மாதத்தில் உடல்நலமின்றியோ விடுதி ஒத்துக்கொள்ளாமலோ ஊர் திரும்பிவிட்டால், மூன்று மாதக் கணக்கில் அவள் வெற்றியாகவே நிற்பாள். அவள் ஏன் திரும்பினாள் என்பதை அறியாவிடில் அடுத்த வகுப்பில் எதைத் திருத்துவது என்பதும் தெரியாது.

ஓராண்டுக்குப் பின் விசாரிப்பவர் "தொழில் செய்கிறீர்களா?" என்று கேட்டால், வந்தவரின் முகம் கோணக்கூடாது என்று "செய்கிறேன்" என்ற விடையே பெரும்பாலும் வரும். "சென்ற மாதத்தில் எத்தனை நாள் தைத்தீர்கள்? நூல், மின்சாரம், இயந்திரப் பழுது ஆகியவை போகக் கையில் எவ்வளவு நின்றது?" என்று கேட்பதே முறை. விடை எண்ணாக வரும். எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிடலாம்.

ஒப்புநோக்குதல்

இனிக் கூறப்படுவதே இவ்விஷயத்தின் மையம். பயிற்சிக்கு முன் மாதம் ரூ.2,000 சம்பாதித்தவர், பின்னர் ரூ.5,000 சம்பாதிக்கிறார் என்றால், ரூ.3,000 பயிற்சியின் பலன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மனிதர் பயிற்சிக்கு வருவது பெரும்பாலும் கஷ்டகாலத்தில்தான். மழை பொய்த்த ஆண்டில், அல்லது ஆலை மூடிய ஆண்டில் வருமானம் தாழ்ந்திருக்கும்போது வருகின்றனர். மழை பெய்ததும் பயிற்சியின்றியே அவ்வருமானம் ஓரளவு உயர்ந்திருக்கும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் இதை 1978ஆம் ஆண்டிலேயே கணக்கைக் கொண்டு எடுத்துக் காட்டினார்: பயிற்சியிற் சேர்வோரின் வருமானம் சேர்வதற்குச் சற்று முன் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் எந்தப் பயிற்சியும் குன்றுபோல் உயர்ந்து தோன்றும்.

இதற்குப் பரிகாரம், பயிற்சி பெற்றவரைப் பயிற்சி பெறாத அவரொத்த மற்றவரோடு ஒப்பிடுவதே. வகுப்பில் இடம் 30 என்றும், விண்ணப்பித்தவர் 60 பேர் என்றும் இருப்பின், திருவுளச்சீட்டுப் போட்டு 30 பேரைத் தேர்ந்தெடுப்பது நியாயமான வழி, சிபாரிசுக்கும் இடமில்லை. அவ்விதம் செய்தால், சீட்டு விழாத 30 பேரும் சீட்டு விழுந்தவர்களைப் போன்றவர்களாகவே இருப்பர். ஓராண்டு கழித்து இரு சாராரின் நிலைக்கும் உள்ள வித்தியாசமே பயிற்சியின் பலன்.

டில்லி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களுக்கு நடைபெற்ற ஆறு மாதத் தையற் பயிற்சி இம்முறையிலேயே ஆராயப்பட்டது. புஷ்கர் மைத்ரா, சுபா மணி என்னும் இரு ஆய்வாளர்கள் 2017இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சிக்கு இடம் பெற்ற பெண்களில் வேலையில் இருந்தோர், இடம் பெறாதவரைக் காட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் அதிகம். 18 மாதங்களுக்குப் பின்னரும் பலன் நீடித்தது. கடன் வசதியின்மை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, வகுப்பு நடைபெறும் இடத்தின் தூரம் ஆகியவை பெண்கள் பயிற்சியை முடிப்பதற்குத் தடையாக இருந்தன என்பதும் தெரியவந்தது. தூரம் ஒரு தடை என்று அறிந்தபின் வகுப்பை ஊருக்கு அருகில் மாற்றலாம். அளப்பதன் லாபம் இதுவே.

நூற்றுக்கு 6 என்பது சிறிதாகத் தோன்றலாம். உலக பாங்கைச் சேர்ந்த டேவிட் மெக்கென்சி, வளரும் நாடுகளில் இவ்வாறு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளை ஒருங்கே திரட்டி 2017இல் எழுதிய கட்டுரையின்படி, தொழிற்பயிற்சிக்கு இடமளிக்கப்பட்ட 100 பேரில், பயிற்சியின்றேல் கிடைத்திராத வேலையை அடைவோர் சராசரியாக மூவருக்கும் குறைவு. நூற்றுக்கு 70, 80 என்று அறிக்கைகளில் வரும் எண்களையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. அறிக்கை பொய் என்பது இதன் பொருளன்று. வேலை பெற்ற 70 பேரில் பெரும்பாலோர் எப்படியும் ஏதோ ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருப்பர் என்பதே பொருள்.

தவறான அளவுகோலால் விளையும் கேடு

அளவுகோல் தவறாயிருப்பின், அளக்காமல் இருப்பதைவிடக் கெடுதல் நேரிடலாம். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு வேலைப்பயிற்சிச் சட்டத்தின்கீழ், பயிற்சி முடித்தோர் சில வாரங்களுக்குப் பின் வேலையில் இருக்கின்றனரா, எவ்வளவு கூலி பெறுகின்றனர் என்பதைக் கொண்டு பயிற்சி நிலையங்கள் மதிப்பிடப்பட்டன. நன்கு தேறியவற்றிற்கு வெகுமதியும் உண்டு. பின்னர் 16 இடங்களில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டு திருவுளச்சீட்டு முறையில் உண்மைப் பலன் ஆராயப்பட்டது. வயது வந்தோரின் வருமானம் ஓரளவு உயர்ந்தது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்கோ பலன் காணப்படவில்லை. ஜேம்ஸ் ஹெக்மன் முதலிய அறிஞர்கள் அக்கணக்குகளை ஆராய்ந்தபோது, குறுகிய கால மதிப்பெண்ணுக்கும் நீண்டகால உண்மைப் பலனுக்கும் சொற்பத் தொடர்பே இருந்ததாகக் கண்டனர்.

காரணம் கிராமத்தாருக்கு எளிதில் விளங்கும். தேறியவர் எண்ணிக்கைக்கு வெகுமதி என்றால், முன்னரே படித்தவரையும், சாமர்த்தியசாலியையும், கைக்குழந்தை இல்லாதவரையும் சேர்த்துக்கொள்ள ஆசிரியருக்கு ஆசை உண்டாகும். அத்தகையவர் பயிற்சியின்றியும் முன்னேறுவர். எழுதப் படிக்கத் தெரியாத விதவைக்கு வாசலிலேயே "இடமில்லை" என்று சொல்லப்படும். யாருக்காக வகுப்பு ஏற்பட்டதோ அவரை வெளியே நிறுத்திவிட்டு, கணக்கு மட்டும் அழகாக இருக்கும். ஆகையால் தேறியவர் எண்ணிக்கையோடு, சேர்ந்தவர்கள் எத்தகையவர்கள் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

பயிற்சிக்கு அப்பாற்பட்ட காரணங்கள்

தொழில் நிலைக்காமற் போவது எப்பொழுதும் பயிற்சியின் குற்றமல்ல. தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பு பரவிய வரலாறு இதற்குத் தக்க உதாரணம். பாதிரியார் நியூட்டன் என்பவர் இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம புனருத்தாரண நிலையம் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் அத்தொழிலைக் கற்பித்தது. 1937இல் அங்கு தேனீ வளர்ப்போரின் கூட்டுறவு சங்கமும் ஏற்பட்டது. கற்றவர் வீட்டில் கூடுகள் இருந்தன. எடுத்த தேனை விற்கச் சங்கம் இருந்தது. சங்கத்திற்கு வந்து சேரும் தேனின் எடையைவிடத் தெளிவான பரீட்சை மதிப்பெண் வேறில்லை.

ஆனால் 1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தேனீப் புழுக்களைத் தாக்கி, கேரளத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் இந்தியத் தேனீக் கூடுகளில் மிகப் பெரும்பான்மையை அழித்தது. அவ்வாண்டில் ஒருவர் தேனின் எடையை மட்டும் பார்த்திருந்தால், பயிற்சி பெற்றோர் யாவரும் தொழிலை மறந்துவிட்டனர் என்று முடிவு செய்திருப்பர். பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஒரே துன்பத்துக்கு ஆளாயினர் என்பதை அறிந்தவரே நியாயமாகத் தீர்ப்பளிக்கக்கூடும். ஒப்புநோக்குதல் பயிற்சியைக் குறைத்துக் காட்டுவதற்கு மட்டுமன்று. வீண்பழியினின்று காப்பதற்கும் உதவும்.

சந்தையும் அத்தகையதே. தமிழ்நாட்டில் பள்ளிச் சிறுவர்களுக்கான சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவு சங்கங்கள் தைத்துத் தருகின்றன. இத்தகைய சங்கத்தில் அங்கத்தினராகச் சேரும் வசதியுள்ள ஊரிலும், ஏற்கெனவே பல தையற்காரர்கள் வேலைக்குக் காத்திருக்கும் ஊரிலும் ஒரே வகுப்பு ஒரே பலனைத் தராது. வகுப்பைத் தொடங்குமுன் அவ்வூரில் வேலை எவ்வளவு உண்டு என்று கணக்கெடுப்பது பயிற்சியின் தரத்தில் ஒரு பகுதியே ஆகும்.

கிராமத்தில் வைக்கத்தக்க பதிவேடு

இவையனைத்தையும் பெரிய ஆராய்ச்சியின்றியே பஞ்சாயத்தோ கூட்டுறவு சங்கமோ ஒரு பதிவேட்டைக் கொண்டு ஓரளவு செய்யலாம். வகுப்புத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பித்தோர் அனைவரின் பெயர், வயது, படிப்பு, தொழில், முந்திய ஓராண்டின் சராசரி மாத வருமானம் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். இடைநின்றவர் பெயரை அடிக்காமல், நின்ற தேதியையும் காரணத்தையும் குறிக்க வேண்டும். 3, 12, 24ஆம் மாதங்களில் ஆசிரியரல்லாத ஒருவர் வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். சீட்டு விழாதவர் வீட்டிற்கும் செல்லவேண்டும். காணப்படாதவரைக் கணக்கிலிருந்து நீக்காமல் "தெரியவில்லை" என்றே எழுத வேண்டும்.

கணக்கிடும் விதத்திற்கு ஓர் உதாரணம். 30 பேர் சேர்ந்த வகுப்புக்கு மொத்தச் செலவு ரூ.3,00,000 என்க. தலைக்கு ரூ.10,000 ஆகிறது. முடித்தவர் 27, தேறியவர் 24, தேறியவருக்குத் தலா ரூ.12,500. ஓராண்டுக்குப் பின் தொழிலில் இருப்பவர் 12, தலா ரூ.25,000. சீட்டு விழாத 30 பேரிலும் 5 பேர் எங்கோ கற்று அதே தொழிலில் இருக்கின்றனர் என்றால், வகுப்பினால் கூடியவர் 7 பேரே. தலா ஏறத்தாழ ரூ.42,900. நான்கு எண்களும் ஒரே வகுப்பைப் பற்றியவை, நான்கும் மெய்யே. ஆனால் அடுத்த வகுப்புக்குப் பணம் ஒதுக்குபவர் கடைசி எண்ணைக் கேட்டல் வேண்டும். ஒரே வகுப்பில் காணும் வித்தியாசம் தற்செயலாகவும் நேரலாமாதலால், மூன்று நான்கு வகுப்புகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபின் தீர்மானிப்பது உத்தமம்.

கூட்டுறவு சங்கத்திடம் மற்றோர் அளவுகோலும் உண்டு. அது கருவி வாங்கக் கொடுத்த கடனின் தவணைக் கணக்கு. தையல் வருமானத்திலிருந்தே தவணை செலுத்துகிறாரா, அன்றி நகையை அடகு வைத்துச் செலுத்துகிறாரா என்று விசாரித்தால் தொழிலின் உண்மை நிலை வெளிப்படும். ஒரு வகுப்பில் பயின்ற பலர் சேர்ந்து தவணை தவறினால், அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதோடு நில்லாமல், அவ்வகுப்பையும் சந்தையையும் விசாரிப்பது நிர்வாகக் குழுவின் கடமையாகும். கற்றவர் அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருத்தல் அரிது.

பதிவேட்டுக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், ஆண்டில் சில நாட்களின் உழைப்புமே. ஆனால் வகுப்பு முடிந்தபின் அதைத் தொடங்க இயலாது. முந்திய வருமானமும், இடம் கிடைக்காதவர் பெயர்களும் அதற்குள் மறைந்துவிடும். ஆகையால் அடுத்த வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கும் நாளன்றே அதன் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவது, பயிற்சி நடத்துவோர் யாவரும் மேற்கொள்ளத்தக்க காரியமாகும்.